ஊர் எழுதாத பார்சல்

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நான்கு பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் வாண்டும் வேளைக்குச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்கி எழுகிறீர்கள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். கை எப்படி இருக்கிறது? குளிரில் எலும்பு கூடின இடம் வலிக்குமாம். வெந்நீர் ஒத்தடம் கொடு. தைக்கும்போது ஊசியை அழுத்திப் பிடிக்காதே.

நர்ஸக்கா வந்து உன் சேதியைச் சொன்னாள். அவள் வீடு எங்கள் எதிரிலும், வேலை உன் ஊர் ஆஸ்பத்திரியிலும் இருப்பது நம் நல்ல நேரம். வாராவாரம் அவள் பையில் நம் கடிதம் போய்வருகிறது. வருஷக் கடைசி லீவுக்கு எல்லோருக்கும் ஏதாவது அனுப்ப வேண்டும், யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு வரச் சொன்னாயாமே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிசு வாங்குவதில் நம் வீட்டில் நீதானே கில்லாடி. நான் ஒரு வருஷம் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டவல் வாங்கிக் கொடுத்து, யாருடையது எது என்று தெரியாமல் அடுத்த லீவு வரை சண்டை நடந்தது. என்னிடம் போய் யோசனை கேட்கிறாய்.

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். உன் அத்தானுக்குச் சட்டை வேண்டவே வேண்டாம். கைதட்டினால் கூவுகிற சாவிக்கொத்து ஒன்று வந்திருக்கிறதாம், அதை வாங்கு. தினமும் அச்சகத்துக்குக் கிளம்பும்போது சாவியைக் காணோம் என்று மெத்தையையே புரட்டிப் போடுகிறார். இனி காலையில் கைதட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வரட்டும், அக்கம்பக்கத்தில் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் பெண்ணுக்குப் பதினாலு வயசு. கடையில் விற்கிற எதுவும் அவளுக்குப் பிடிப்பதில்லை. ஒரு துணிப் பை வாங்கி, வாண்டுவின் கையைச் சாயத்தில் முக்கி அதில் பதித்து அனுப்பு. வெளியே முகத்தைச் சுளித்தாலும் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் எடுத்துப் போவாள், பாரேன். தங்கச்சிப் பாப்பாவைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை.

அம்மாவுக்குச் சாயங்காலமானால் கால் வீங்கிவிடுகிறது. உங்கள் கடையில் சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தைக்கிறீர்களே, மெத்தென்ற செருப்பு, அது ஒரு ஜோடி உன் கையால் தைத்து அனுப்பு. உலகத்தில் அதைவிட வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். எனக்கு ஒன்றும் வேண்டாம். நிஜமாகவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். பார்சலில் ஊர் பேர் வேண்டாம். கடைப் பை, சீட்டு, விலை ஒட்டின காகிதம் எதுவும் வேண்டாம். நர்ஸக்கா கையில் கொடுத்தால் போதும். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று அம்மாவுக்கு இன்னமும் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவள் காது சிவந்துவிடும், உனக்குத் தெரியும். போனும் இப்போதைக்கு வாங்காதே. உன் புருஷன் உன் போனை எப்படியெல்லாம் நோண்டினான் என்று மறந்துவிட்டாயா? வேலை விஷயமாக ஊர் ஊராக மருந்துப் பையோடு சுற்றுகிறவன். எந்தப் பஸ் ஸ்டாண்டிலும் நிற்பான்.

இப்போதெல்லாம் அவன் பேச்சுமூச்சே இல்லை. அம்மா, மனசு மாறியிருப்பார் என்கிறாள். எனக்கு அது நிம்மதியாகவும் இருக்கிறது, நிம்மதியில்லாமலும் இருக்கிறது.

வாண்டுவின் கன்னத்தில் என் சார்பாக ஒரு கடி.

உன் அக்கா


சின்னு,

உட்காராதே. நின்றுகொண்டே படி. அவனுக்கு நீ இருக்கும் ஊர் தெரிந்துவிட்டது. கடையும் தெரிந்துவிட்டது. நர்ஸக்கா கொண்டுவந்து கொடுத்த உடனே வாண்டுவையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பு. மீதியைப் பஸ்ஸில் படித்துக்கொள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் போனான். நர்ஸக்காவிடம் இருந்த உங்கள் கடை நம்பருக்கு அவள் போனிலிருந்தே விடாமல் அடித்துப் பார்த்தேன். லீவு நாள், யாரும் எடுக்கவில்லை. அவள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு முன்னாடி பஸ்ஸைப் பிடிக்கப் பை கட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் நாங்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது வந்தான். இரண்டு கையிலும் பளபளப்பான காகிதம் சுற்றிய பெட்டிகள். லீவுக்குப் பரிசு கொடுக்க வந்தேன் அண்ணி என்றான். தாடி மழித்து, இஸ்திரி போட்ட சட்டை. அத்தான் வாசலை மறித்து நின்றார். ஆனால் அம்மா உள்ளேயிருந்து, மாப்பிள்ளையை வெளியே நிறுத்தாதீங்க, நாலு பேர் பார்க்கிறாங்க என்று சொல்லிவிட்டாள். வந்து உட்கார்ந்தான்.

அவன் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அத்தனை நல்லவனாக இருந்தான், சின்னு. ஒவ்வொரு பரிசும் அத்தனை யோசித்து வாங்கினது. அம்மாவுக்குப் பெரிய எழுத்துப் போன். காது மந்தமானவர்களுக்கும் சத்தமாகக் கேட்குமாம். தன் நம்பரை அதில் முதல் நம்பராகப் போட்டே கொண்டுவந்திருந்தான். அத்தானுக்குச் சட்டை, தைத்து வைத்தது போல அளவு. என் பெண்ணுக்கு வாட்ச். எனக்குக் காலிங் பெல். உங்க பெல் அடிக்கறதே இல்லையே அண்ணி, அதான் புதுசு வாங்கிட்டு வந்தேன் என்று சொல்லி, ஸ்டூல் கேட்டு, ஏறி நின்று அவனே மாட்டினான். அடித்துக் காட்டிவிட்டுச் சிரித்தான்.

எங்கள் பெல் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. அவன் நம் வீட்டுக்கு வந்ததாக யாருக்கும் தெரியாது. எப்போது வந்து எங்கள் வாசலில் நின்று அடித்துப் பார்த்தான்? உள்ளே நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான்? காபித் தம்ளரைக் கீழே போட்டேன். அவனே துணி எடுத்து வந்து துடைத்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெட்டி ஒன்று இருந்தது. இது பாப்பாவுக்கு, நீங்க எப்ப பார்க்கிறீங்களோ அப்ப குடுங்க, நான் எதுவும் கேட்கல என்றான். அம்மா அழுதேவிட்டாள்.

கை கழுவப் போகும்போதுதான் கதவில் மாட்டியிருந்த துணிப் பையைப் பார்த்தான். வாண்டுவின் கை பதித்த பை. தன் கையை அதன்மேல் விரித்து வைத்தான். வளர்ந்துட்டா என்றான், அவ்வளவுதான். அப்புறம் திரும்பி அம்மாவின் காலைப் பார்த்தான். செருப்பு புதுசா இருக்கே அத்தை, யார் வாங்கிக் குடுத்தாங்க என்று கேட்டான். நான் வாங்கினேன் என்று நான் சொல்கிறேன், அதே நேரத்தில் அம்மாவும் பெரியவதான் வாங்கினா என்கிறாள். நல்லாத்தான் சொன்னாள். காது மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்தது.

தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தான். அளவு பார்த்துக்கறேன், அடுத்த தடவை நானும் ஒரு ஜோடி வாங்கிட்டு வர்றேன் என்று ஒரு செருப்பைக் கழற்றித் திருப்பினான். அடிப்பாகத்தில் அளவு மட்டுமா இருக்கிறது? அதற்குக் கீழே உங்கள் கடைப் பேரும் ஊரும் அச்சாகியிருக்கிறது. நாம் காகிதத்தைக் கிழித்தோம், சீட்டைக் கிழித்தோம், பெட்டியை மாற்றினோம். செருப்பைத் திருப்பிப் பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் படிக்கிறவள் நான், எனக்கே தோன்றவில்லை.

அவன் முகம் மாறவே இல்லை. கட்டைவிரலால் அந்த எழுத்தை ஒரு தடவை தடவினான். திரும்பவும் அம்மா காலில் மெதுவாகப் போட்டுவிட்டான். ரொம்ப நல்ல வேலைப்பாடு என்றான்.

ஒருவேளை படிக்கவில்லையோ, எனக்குத்தான் பயமோ என்று நினைத்தேன். ஆனால் கிளம்பும்போது அந்தப் பெரிய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அம்மா, இருக்கட்டுமே மாப்பிள்ளை, நாங்க குடுக்கிறோம் என்றாள். வேண்டாம் அத்தை, நானே கையில குடுத்துக்கறேன் என்றான்.

அத்தான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். போன தடவை, உன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டே, குடும்ப விஷயம் பேசித் தீர்த்துக்கோங்க என்று சொன்னவர்கள். இந்தத் தடவை எழுதி வாங்காமல் வரமாட்டேன் என்று போயிருக்கிறார். அதை நம்பி நீ காத்திருக்காதே.

எங்கே போனாலும் எனக்குச் சொல்லாதே. அம்மாவுக்குக் காது சிவக்கிறது, எனக்குக் கையிலிருந்து தம்ளர் விழுகிறது. தெரியாத ஒன்றை எங்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. கதவைத் தட்டினால் யார் என்று கேட்டு, குரல் தெரிந்தால் மட்டும் திற. வாண்டுவின் கையை விடாதே. கழிப்பறைக்குக்கூடத் தனியாக அனுப்பாதே.

நர்ஸக்கா செருப்பு மாட்டிவிட்டாள். போ, என் கண்ணே. நல்லபடியாகப் போய்ச் சேர்.

அக்கா


அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுகிறேன். நானும் வாண்டும் முழுசாக இருக்கிறோம். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி, பிறகு மீதியைப் படி.

நர்ஸக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல் நேரே என் அறைக்கு வந்தாள். உன் கடிதத்தை நீ சொன்னபடி நின்றுகொண்டுதான் படித்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதை அணைத்தது நர்ஸக்காதான். வாண்டுவிடம் லீவுக்கு ஊர் சுற்றப் போகிறோம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்த் தன் ஷூவை மாட்டிக்கொண்டாள். எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா. ஆறு வயசுக் குழந்தை.

கடை முதலாளியம்மா தன் தம்பியின் வண்டியில் எங்களைப் பின்தெரு வழியாக ஏற்றிவிட்டார். அவரும் அந்தச் செருப்பின் அச்சைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார். அதை மிஷினில் வைத்து அழுத்துகிறவளே நான்தான். தினமும் கை செய்கிற வேலை, கண் பார்ப்பதில்லை. அம்மாவை எதுவும் சொல்லாதே. நீயும் உன்னைத் திட்டிக்கொள்ளாதே. அம்மா காலுக்கு நான் தைத்ததில் என்ன தப்பு?

மறுநாள் கடை திறந்ததுமே அவர் வந்திருக்கிறார். கை இன்னும் அவர் என்றே எழுதுகிறது, பாரேன். பெட்டியோடு வந்து, தன் அம்மாவுக்கு என்று ஒரு ஜோடிச் செருப்பு வாங்கியிருக்கிறார். தைக்கிற பெண்ணைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றாராம். முதலாளியம்மா, அவள் வேலையை விட்டுப் போய்விட்டாளே என்றிருக்கிறார். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லி, கடை மூடும்வரை வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டாராம். ரொம்ப மரியாதையான மனுஷன் என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டுப் போனாராம்.

போகும்போது பெட்டியை அங்கேயே வைத்துவிட்டார். முதலாளியம்மா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவை வைத்துக்கொண்டு அதைப் பிரித்தார். உள்ளே ஒரு மழைக்கோட்டு. மஞ்சள் நிறம், ரொம்ப அழகாக இருந்ததாம். இப்போதைய அளவு இல்லை அக்கா. எட்டு வயசுக்குப் போடுகிற அளவு. அவர் தப்பாக வாங்குகிற ஆள் இல்லை, அத்தான் சட்டையைப் பார்த்தாயே. அவர் காத்திருக்கத் தயார் என்று சொல்லத்தான் அதை வாங்கியிருக்கிறார்.

அந்த வக்கீலம்மா நல்லவர், இந்தக் கடிதமும் அவர் வழியாகத்தான் நர்ஸக்காவுக்கு வருகிறது. என் கை எக்ஸ்ரே, அத்தான் எழுதிக் கொடுத்த புகார், முதலாளியம்மாவின் சாட்சி எல்லாவற்றையும் சேர்த்துக் கோர்ட்டில் போட்டிருக்கிறார். வாண்டுவின் அப்பா எங்கள் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு வாங்கிவிடலாம் என்கிறார். கிடைத்தால் நர்ஸக்கா வழியாகத் தெரியும். அம்மாவுக்கு வந்த அந்தப் பெரிய எழுத்துப் போனை வாங்கி நர்ஸக்கா வழியாக வக்கீலம்மாவிடம் சேர்த்துவிடு. அம்மா கேட்டால் ரிப்பேர் என்று சொல்.

இங்கே எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று எழுதவில்லை. பக்கத்து அறைக்காரம்மா டப்பா டப்பாவாகச் சோறு கொடுக்கிறார். வாண்டு இரண்டு நாள் ஷூவைக் கழற்றாமலே தூங்கினாள், இப்போது கழற்றுகிறாள். லீவுக்கு உங்களுக்கெல்லாம் இன்னும் என்ன அனுப்பலாம் என்று யோசனை கேட்டாள். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த லீவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். தெருவைப் பார்த்தது. வந்த நாளிலிருந்து அதை அடைத்தே வைத்திருக்கிறேன். இன்று காலையில் வாண்டு, அம்மா, ரொம்பப் புழுங்குது, கொஞ்சம் திறந்து வையேன் என்றாள். நாளைக்கு என்றேன். அவள் சும்மா விடமாட்டாள், உனக்குத் தெரியுமே, நாளைக்கும் கேட்பாள். நான் அதைத் திறக்க வேண்டும் அக்கா. அதற்கு மட்டும் எனக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை