டீச்சர் எதற்குக் கேட்டார்?

ஏனுங்க,

காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு கொப்பரை மூட்டை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று திரும்பிவிட்டேன். அந்த ஆள், "எந்த ஊருங்க அம்மணி?" என்றார். இவருக்கு எதற்கு என் ஊர் என்று தோன்றியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் எப்போதுமே இப்படித்தான். "உனக்கு எமனே வந்தாலும் எந்த ஊருன்னு விசாரிச்சுப்போட்டுத்தான் கூடப் போவ" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் பொள்ளாச்சியில் கொப்பரை காயப்போடும் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு எத்தனை பேர் வந்து கேட்டார்கள்! கேட்டவர்கள் கேட்டதை ஊரெல்லாம் பேசினார்கள். அதனால்தான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. பாப்பாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். "அப்பாவைப் பத்தி யாருகிட்டயும் பேசாத கண்ணு" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் அவள் வந்து, "அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க டீச்சர்" என்றாள். அப்புறம், அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் யார் யார் என்று கேட்டார்களாம். இந்தம்மாவுக்கு எதற்கு இதெல்லாம்? சாதியை விசாரிக்கிறார்களா? பிள்ளையை ஹாஸ்டலில் தள்ளப் பார்க்கிறார்களா? வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானே போனேன்.

டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு தடவை வர நேரமில்லையா? எப்பக் கேட்டாலும் 'வாரேன்னு சொன்னாருங்க'ன்னு உங்க பொண்ணு சொல்றா. எத்தனை நாளைக்கு ஏமாத்துவார்?" என்றார்.

பாப்பா பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அவளிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது அதுதானே. "வாரேன் கண்ணு." வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று நம் பக்கம் யார் சொல்வார்கள்?

"அது கெளம்பும்போது சொன்னதுங்க டீச்சர். போனவரு போயே போயிட்டாருங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "வகுப்புல வாயே தொறக்க மாட்டேங்கறா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். இது தெரியாம அவகிட்டயே திரும்பத் திரும்பக் கேட்டுட்டேனே" என்றார்.

நிஜமா நடிப்பா என்று கண்ணையே பார்த்தேன். "அப்பனில்லாத புள்ளைன்னு யாரும் அவளைப் பாக்கக் கூடாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்றேன்.

"சரிங்கம்மா" என்றார். சரி என்று சொல்வதற்கு என்ன, வாய்தானே.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் பாப்பாவைக் குடைந்தேன். டீச்சர் தலையைத் தடவினார்களா? தனியாக மிட்டாய் கொடுத்தார்களா? பாவம் பார்த்தால் அடுத்த பெஞ்சுக்குத் தெரிந்துபோகும்.

நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "கணக்கு எழுதாம போனேன்னு டீச்சர் திட்டிப்போட்டாங்கம்மா."

"உன்னைய மட்டுமா?"

"எழுதாத எல்லாத்தையும்தான். எனக்குத்தான் ரெண்டு திட்டு சேத்தி. நான் எதுத்துப் பேசிட்டேன்ல!"

அவளுக்கு இன்னொரு தோசை வார்த்துப் போட்டேன். சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு அதுதான் துணை. நாளைக்கும் திட்டுகிறார்களா என்று பார்க்கிறேன்.