எமரியின் கதவு

ஸ்னைடர் பள்ளத்தாக்கு, மேற்கு வர்ஜீனியா
பிப்ரவரி 6, 2012

அன்புள்ள எமரிக்கு,

மரப்பாலத்தைப் பனிப்பாளம் இடித்துத் தள்ளிய வருஷம். செம்மறிகளுக்குக் கால் அழுகி பாதி மந்தை போன வருஷம். வில்ஃபோர்டைப் புதைத்த மண் காய்வதற்குள் டல்லாஸில் கென்னடியைச் சுட்டார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு உனக்கு நான் ஒரு வரி அனுப்பியதில்லை. எழுத்துத் தெரியாது என்பது வெறும் சாக்கு. இப்போது என் தம்பி வில்ஃபோர்டின் மகள் வெர்டா எழுதுகிறாள். அப்பன் போனபோது அவளுக்கு மூன்று வயது. நீ எழுதினால் எனக்குப் படித்துச் சொல்லப்போவதும் அவள்தான்.

நம் சர்ச்சுக்கு நூற்றைம்பது வருஷம் என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். வெர்டா வாசித்தாள்: "1963இல் வான்கோழியைப் பரிசாக வைத்து நடந்த துப்பாக்கி சுடும் பந்தயத்தில், எமரி கைல் தவறாக வடிவமைத்த துப்பாக்கி வெடித்து வில்ஃபோர்ட் ப்ராப்ஸ்ட் மாண்டார்." வாயால் சொன்னது சொன்னவனோடு போய்விடும். அச்சில் ஏறியது போகாது. அந்த வரியை நான் விடப்போவதில்லை.

பழைய லேத் ஒன்று வாங்கிக் களஞ்சியத்தில் போட்டிருக்கிறேன். எழுபத்தாறு வயதில் முதல் கடைசல். தீவனக்கடையில் சிரிக்கிறான்கள்.

"தாத்தா, முதல் வேலைக்குத் துப்பாக்கியா? ஒரு சுத்தியல் செஞ்சு பாருங்களேன்."

"செய்றேன்டா. முதல்ல உன் மண்டையிலதான் தட்டிப் பார்ப்பேன்."

எந்த வடிவம் எடுப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறான். ஒருவன் புத்தகத்தில் உள்ளதைச் செய் என்கிறான். இன்னொருவன் பாகங்களாக விற்பதை வாங்கிப் பூட்டு என்கிறான். நான் எடுப்பது உன்னுடையது. குழலின் பின்வாயை அடைக்கும் கட்டை கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறக்குமே, அது. நவம்பர் பந்தயத்தில் எல்லார் கண் முன்னாலும் அதால் சுடுவேன். வரைபடம் அனுப்பு. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கோடு தெரியும்.

டென்சில் ப்ராப்ஸ்ட்
(அவர் கையால் இட்ட குறி: X)


டொலீடோ, ஒஹாயோ
பிப்ரவரி 27, 2012

திரு. ப்ராப்ஸ்ட் அவர்களுக்கு,

வரைபடத்தை எப்போதோ எரித்துவிட்டேன். இங்கே வந்து பல்சக்கரம் கடைந்து பிழைத்தேன். துப்பாக்கிப் பக்கம் போகவில்லை.

முதல் வேலை என்றால், கட்டை மேலும் கீழும் நகரும் ஒற்றைத் தோட்டா வகையைச் செய்யுங்கள். பாகங்கள் குறைவு. எத்தனையோ பேர் செய்து பார்த்தது. யார் சாவும் அதன் தலையில் இல்லை.

அந்த ஊர் என் பட்டறைப் பெயர்ப்பலகையைக் கோடாலியால் பிளந்தது. அதற்கு நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இனிக் கடிதம் வேண்டாம்.

எ. கைல்


ஏப்ரல் 15, 2012

அன்புள்ள எமரிக்கு,

காட்டுப்பூண்டு முளைத்துவிட்டது. உருளைக்கிழங்கோடு வதக்கித் தின்று, ஊரே நாறுகிறது. டொலீடோவில் நீ அதற்கு என்ன செய்வாய்?

உன் கடிதத்தை வெர்டா படித்தாள். "பெரியப்பா, அவரு வேணாங்கிறாரே" என்றாள். "வேணாம்னு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு, கேக்காம இருக்க எனக்கு உரிமை இருக்கு" என்றேன்.

நீ எரித்தது காகிதம். உன் பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்த்தது என் தலையில் அப்படியே இருக்கிறது. கட்டை என் கட்டைவிரல் நீளம். கதவின் கீலுக்கு ஒரே ஊசி, பென்சில் கனம். அதன்படி அடுத்த வாரம் கடையப்போகிறேன்.

டென்சில்
X


மே 2, 2012

டென்சில்,

மடையா! பென்சில் கனமா? ஒரே ஊசியா? கறிக்கடைப் பலகைக்கா கீல் போட்டேன் நான்? ஊசி இரண்டு. இரண்டும் கட்டையைத் திறந்து மூடத்தான். வெடியைத் தாங்குவது ஊசியே இல்லை, கட்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரும்புத் தோள். அதை விட்டுவிட்டு என்னத்தைப் பார்த்தாய் முக்காலி போட்டு?

வரைபடம் இதோடு இருக்கிறது. எரிக்கவில்லை. அடுப்பு வரை எத்தனையோ முறை கொண்டுபோயிருக்கிறேன். கடைந்து முடித்ததும் விஷயம் தெரிந்த ஒரு துப்பாக்கிப் பட்டறைக்காரனிடம் காட்டு. முதல் வெடிகளுக்கு டயரில் கட்டிவைத்து, சுவருக்கு அப்பால் நின்று கயிற்றால் விசையை இழு. வீராப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்.

இன்னொன்று. அன்றைக்கு மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. இதற்கு மேல் எழுத மாட்டேன். இதை உனக்குப் படிப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

எமரி


நவம்பர் 18, 2012

அன்புள்ள எமரிக்கு,

உன் கதவு நிற்கிறது. நேற்று ஐந்து வெடி, என் தோளில் வைத்து. ஒரு மயிரிழை அசையவில்லை.

மே மாதம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெர்டா கேட்டாள்: "என்ன டப்பா, பெரியப்பா?" நான் லேத்தை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. மாதத்துக்கு ஒரு தடவை கேட்டாள். மாதத்துக்கு ஒரு தடவை லேத் ஓடியது.

நேற்று ஐந்தாவது வெடி முடிந்ததும் பெஞ்சின் மேல் ஏறினேன். "இறங்குங்க தாத்தா, பரிசு கோழிதான், பிரசங்கம் இல்லை" என்று எவனோ கத்தினான். நான் இறங்கவில்லை.

"அன்னிக்குத் தோட்டாவுல மருந்து நிரப்பினது நான். ரைஃபிள் மருந்து, கைத்துப்பாக்கி மருந்து, ரெண்டும் ஒரே மாதிரிச் சிவப்பு டப்பா. எது எதுன்னு மேல எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். ராத்திரி மிச்ச மருந்தைக் கையில கொட்டிப் பார்த்தப்பதான், ரைஃபிள் தோட்டாவுல நான் போட்டது குழலையே பிளக்கிற வேகத்துல எரியுற கைத்துப்பாக்கி மருந்துன்னு தெரிஞ்சுது. எமரி செஞ்சதுல குத்தமில்லை. என் தம்பியைக் கொன்னது நான்" என்றேன்.

வெர்டா காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலை வந்தாள். மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை. மேலே உள்ளதை எல்லாம் அவள்தான் எழுதினாள். ஒரு சொல்லையும் மாற்றாதே என்றேன். மாற்றவில்லை.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது அந்த வரி மாறுவது. புத்தகக் கமிட்டித் தலைவன் நேற்று என் தோளில் கைபோட்டான். "டென்சில், சிநேகிதனுக்காக வயசான காலத்துல பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க. அன்னிக்கு மேசைகிட்ட நின்னவங்க ஒருத்தராவது வந்து சொல்லட்டும், மாத்தி அச்சடிக்கிறோம்." அவன் கையைத் தட்டிவிட்டேன். ஆனால் அவன் சொன்னதை எண்ணிப் பார்த்தேன்.

வில்ஃபோர்டையும் என்னையும் விட்டால் மேசையருகே ஐந்து பேர். ஹோமர் டீட்டர் மரம் வெட்டும்போது அதன் அடியிலேயே போனான். ஓகி சிம்மன்ஸ் வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். பாதிரியார் தூக்கத்தில் போனார். வெர்டாவின் அம்மா லீட்டா போன வருஷம் மார்ச்சில். அவள் போகட்டும் என்றுதான் வாயை மூடிக் காத்திருந்தேனோ என்னவோ, அதையும் எழுது என்று வெர்டாவிடம் சொன்னேன். செய்தவன் தனக்கே சாட்சியாக முடியாதாம். அந்த இரண்டு டப்பாக்களையும் கண்ணால் பார்த்தவர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒருவன். எமரி கைல்.