அடுத்த வீட்டுக்குப் போன தூக்கு

மாமாவுக்கு அம்சம் எழுதுவது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நேற்று அடுத்த வீட்டைச் சுவரேறி எட்டிப் பார்த்தேன். உங்கள் முழங்கால் தேவலையா? சண்டை போட ஆளில்லாமல் இளைத்துவிடாதீர்கள்.

மனநல ஆஸ்பத்திரியில் பல வருஷம் கிடந்த நாலு பெண்களோடு நான் துணைக்கு இருக்கும் இந்தக் குத்தாலத்து வாடகை வீட்டை, தெருவில் யாராவது புகார் சொன்னால் காலி பண்ண வேண்டுமாம். அடுத்த வீட்டு ஷோபனா எங்களைக் கண்டாலே கதவைச் சாத்துவாள். நேற்று அந்த நால்வரில் மூத்தவரான அகிலாண்டம் அக்கா, தானே சுண்டல் செய்து தூக்கில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே கிளம்பிவிட்டார்.

"நானும் வரவாக்கா?"

"நீ வந்தா வாய மூட மாட்ட. இருடி."

போனவர் திரும்பவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாளியைக் கவிழ்த்து ஏறி, சுவர்மேல் பாதி உடம்பைச் சாய்த்துப் பார்த்தால், கொல்லையில் இருவரும் முருங்கைக்கீரை உருவி, கழுவிய எங்கள் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெறும் தூக்காகத் திருப்பவில்லை, மாமா! இனி அவள் எங்கே புகார் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை வரும்போது உங்கள் பழைய கைலி ஒன்று கொண்டுவாருங்கள், தலையணைக்கு உறை தைக்கத்தான். புது வாளியும் ஒன்று. பழையது அப்போதே உடைந்தது. நான் ஷோபனா பக்கம் விழுந்தேன். அகிலாண்டம் அக்கா கீரையிலிருந்து கண்ணெடுக்காமல் அவளிடம் சொன்னார்: "பயப்படாதீங்க. எங்க வீட்டு ஆளுதான். நாங்க பாத்துக்கிறோம்."

உங்கள் பொண்டாட்டி,
அம்சம்