மேளத்துக்கு ஓட்டு, ஊருக்குக் கயிறு

ஆனி 5, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துண்டு பக்கத்து வீட்டு முருங்கையில். தேங்காய் பறிக்கிறவர் இன்றும் வரவில்லை. பிரஷர் மாத்திரை தீரப் போகிறது, வாங்க வேண்டும்.

செல்வி கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து சீட். மடியில் உறை போட்ட பம்பை, தூங்குகிற பிள்ளை மாதிரி. ஒத்தப்பனை நையாண்டி மேள செட்டில் அவள் பம்பை, அப்பா தவில், சித்தப்பா நாயனம். ஆலங்குடியில் நான் இறங்க எழுந்தபோது கேட்டாள்:

"டீச்சர், போன வருசம் விருது ஜெயிச்சது மேளமா, ஊரா?"

சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். பதில் தெரியும். ஊர்.

நாலு ஊர் மேளப் போட்டி விருதுக்குப் போன வருடம் போனில் ஓட்டு. நாலு ஊர், நாலு செட்: ஆலங்குடி, கீரமங்கலம், ஜெகதாப்பட்டினம், ஒத்தப்பனை. கீரமங்கலத்துக்காரர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மேளத்தைக் கேட்காமலே எல்லாரும் அமுக்கினார்கள். ஒத்தப்பனையில் மொத்தமே நாற்பது வீடு.

சாயங்காலம் அன்வர் வந்தார். சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர், விழாக் குழுச் செயலாளர். என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்.

"இந்த வருசம் ஓட்டு விதிய நீங்கதான் எழுதித் தரணும் டீச்சர். போன வருசம் மாதிரி ஆச்சு, என் ஸ்பீக்கரெல்லாம் ஒடச்சுப்புடுவாய்ங்க."

போகும்போது இன்னொன்றும் சொன்னார். ஆடித் திருவிழாவுக்கு ஒத்தப்பனை செட்டை ஓர் ஊர்கூட இன்னும் கூப்பிடவில்லையாம். இந்த விருதிலும் பேர் வராவிட்டால் சித்தப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவாராம். நாயனம் போனால் செட் ஏது?

ஒப்புக்கொண்டேன். செல்விக்காக விதி எழுதக் கூடாது. நாலு பேருக்கும் எழுத வேண்டும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், மறக்காமல் இருக்க.

ஆனி 6, வெள்ளி

காற்று கொஞ்சம் தணிந்தது. துண்டு கிடைத்துவிட்டது. கிழிசலோடு.

முதல் வரைவு:

1) போன் ஓட்டு இல்லை. திடலுக்கு வந்து நாலு மேளத்தையும் கேட்டவருக்கே ஓட்டு. (எ.கா.: விடைத்தாளைப் படிக்காதவர் மார்க் போடலாமா?)
2) சொந்த ஊர் செட்டுக்குப் போடக் கூடாது. (எ.கா.: தன் பேப்பரைத் தானே திருத்துவது.)

எழுதி முடித்ததும் நல்ல திருப்தி. காபி போட்டுக் குடித்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஓட்டு உண்டா?"

"ஏன் இல்லாம?"

"நான் பொறந்தது ஆலங்குடி. பொண்ணு எடுத்தது கீரமங்கலம். அக்காவக் குடுத்தது ஒத்தப்பனை. இருபது வருசம் உத்தியோகம் பாத்தது ஜெகதாப்பட்டினம். எல்லாமே சொந்த ஊருதான். நான் யாருக்குப் போட?"

"நீங்க வீட்டைப் பாத்துக்கங்க."

ஆனாலும் உறுத்துகிறது.

ஆனி 8, ஞாயிறு

அன்வர் குடோனில் கூட்டம். ஸ்பீக்கர் பெட்டிகள்தான் நாற்காலி. முறுக்கு நமுத்திருந்தது.

செல்வியும் வந்திருந்தாள், கீரமங்கலம் செட்டுத் தலைவர் முத்தையாவும். தவில்காரர், போன வருட விருது அவருக்குத்தான். விதி 1க்குத் தலையாட்டினார். விதி 2க்கு எழுந்து நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, எங்க ஊரு ஆளு நானூறு பேரு வாராகன்னு வைங்க. நானூறு ஓட்டும் எங்களுக்குக் கெடையாது. இந்தப் புள்ள ஊருல நாப்பது பேரு வந்தா அந்த நாப்பதுதான் அதுக்குக் கெடையாது. பெரிய ஊருல பொறந்தது குத்தமா?"

செல்வி விடவில்லை. "போன வருசம் பூரா நாங்க கேட்டது இதத்தான பெரியப்பா, சின்ன ஊருல பொறந்தது குத்தமான்னு!"

குடோனே சிரித்தது. முத்தையாவும்தான், மீசைக்குள்ளே.

அவர் கணக்கு சரி. போனதடவை பெரிய ஊருக்குச் சாதகம், என் விதியில் சின்ன ஊருக்குச் சாதகம். தராசை நிமிர்த்துகிறேன் என்று அடுத்த பக்கம் சாய்த்திருக்கிறேன். வெட்கம் இல்லை, சந்தோஷம்தான். ஒரு வகுப்பில் முதல் பெஞ்சு அல்லாமல் நடு பெஞ்சு எழுந்து "டீச்சர், அந்த ஸ்டெப் தப்பு" என்று சொன்னால் வருகிற சந்தோஷம்.

அப்போதுதான் பள்ளி விளையாட்டு விழா நினைவுக்கு வந்தது. அறுபது பேர் வகுப்பும் இருபது பேர் வகுப்பும் கயிறு இழுத்தால் பக்கத்துக்கு எட்டுப் பேர்தானே விடுவோம்? அதே மாதிரி:

திடலில் ஒவ்வோர் ஊரும் தனித்தனியாக வளைத்துக் கட்டிய கயிற்றுக்குள் உட்கார வேண்டும். கயிற்றுக்குள் இருப்பவர்கள் மற்ற மூன்று ஊர் செட்டுகளில் ஒன்றுக்கு ஓட்டுப் போட வேண்டும். அந்தக் கயிற்றில் முதலில் வரும் செட்டுக்கு 2 புள்ளி, அடுத்ததற்கு 1. உள்ளே நானூறு பேரோ நாற்பது பேரோ, ஒரு கயிறு ஒரு கயிறுதான்.

முத்தையா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எங்களுக்கும் மூணு கயிறு, அதுக்கும் மூணு கயிறு. சரி, எழுதிக்கங்க."

வரும்போது வெண்டைக்காய் வாங்கினேன். பிஞ்சு.

ஆனி 10, செவ்வாய்

ரேஷன் கடை. சர்க்கரை வந்திருந்தது, வரிசையும் அதற்கேற்ற நீளம். விதிகளை அன்வர் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். மூன்றாவது விதி அவரே சேர்த்தது: "திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கட்டுகிற ஊரே ஒருவருடைய ஊர்." வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரில் வசூலிக்கிற வரி. ஆண்களுக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் டீச்சர், வரி அவுக பேருல. அப்ப நாங்க எந்த ஊருக் கணக்கு?"

"நான் பொறந்தது அங்கிட்டு, வாக்கப்பட்டது இங்கிட்டு. எந்தக் கயித்துல உக்கார?"

"மாமியா பக்கத்துல உக்காந்து நான் மேளம் கேட்டாப்புலதான்!"

நானே கீரமங்கலத்தில் பிறந்து ஆலங்குடிக்கு வந்தவள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அங்கேயே கேட்டேன், எந்த ஊர் வேண்டும் உங்களுக்கு என்று. ஒருத்தி சொன்னாள், "அதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

வீட்டுக்கு வந்து மூன்றாவது விதியை அடித்தேன். புதிதாக:

3) எந்தக் கயிற்றுக்குள் உட்காருவது என்பது அவரவர் விருப்பம். உட்கார்ந்து மேளம் தொடங்கிய பின் மாறக் கூடாது.

இதைவிட நேர்த்தியான விதி நான் எழுதியதில்லை. இரவு உப்புமாவுக்கு உப்பு மறந்துவிட்டது.

ஆனி 13, வெள்ளி

போட்டியைச் சனிக்கிழமை வைத்திருந்தார்கள். ஜெகதாப்பட்டினம் செட்டிலிருந்து போன்: "அன்னைக்குப் படகு போற நாளு டீச்சர். ஆம்பளைக பாதிப் பேரு கடல்ல கெடப்பாக. அவுக ஓட்டு?" நியாயம். ஞாயிறு மாலைக்கு மாற்றியாகிவிட்டது.

ஓட்டுக்கு முந்திரிக்கொட்டை என்றார் அன்வர். ஆளுக்கு ஒன்று, சட்டியில் போட. இந்த ஊரில் முந்திரிக்கொட்டை இல்லாத வீடு எது? மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து டோக்கன் இரவல் வாங்கச் சொன்னேன்.

தேங்காய் பறித்தாயிற்று. ஒருவழியாக.

ஆனி 15, ஞாயிறு

மேகம் இல்லை. காற்றும் இல்லை. மயில்கழுத்து நிறச் சேலை. கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், மாத்திரை. கிளம்புகிறேன்.

ஆனி 16, திங்கள்

எழுந்ததே எட்டு மணிக்கு. காதுக்குள் இன்னும் பம்பை.

ஒழுங்காக எழுத வேண்டும்.

திடலில் நாலு கயிறு. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கீரமங்கலம் கயிறு சீக்கிரம் நிறைந்தது. ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் இரண்டு வேனில், வறுத்த நெத்திலியோடு. ஒத்தப்பனைக் கயிற்றில் முதலில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பிறகு பார்த்தால் பெண்கள், பெண்கள், பெண்கள். ஆலங்குடியில் வாழ்க்கைப்பட்டவர்கள், கீரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், அதற்கு அங்கிட்டு இருப்பவர்கள். இடுப்பில் பிள்ளை, கையில் முறுக்குப் பை. ஒத்தப்பனையில் பிறந்த பெண் ஒருத்தி பாக்கியில்லை. அன்வர் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார். கணவன்மார்கள் அந்தந்த ஊர்க் கயிற்றுக்குள் தனியாக, பள்ளி விட்ட பின் அம்மா வராத பிள்ளைகள் போல.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. என் மூன்றாவது விதி செய்த வேலை! அன்வர் மைக்கில் தொடக்கம் என்றார், முதல் செட் அடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. தன் கயிற்றில் இருப்பவர் தன் செட்டுக்குப் போட முடியாது. இந்தப் பெண்கள் அவரவர் புகுந்த ஊர்க் கயிற்றில் உட்கார்ந்திருந்தால் எல்லாருமே செல்விக்குப் போட்டிருக்கலாம். அவளுக்காக வந்து, அவளுக்குப் போட முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செல்வியும் அதே நேரம் கண்டுகொண்டாள். மேடை ஓரத்திலிருந்து தலையில் கை வைத்துக் கத்தினாள்:

"அடியே பாவிகளா! அங்கிட்டுப் போங்கடி! புருசன்கூட உக்காருங்கடி!"

"ஒனக்காகத்தானடி வந்துருக்கோம்!" என்று கையை ஆட்டினார்கள் அவர்கள்.

அன்வர் என் காதருகே, "டீச்சர், மாத்தி உக்காரச் சொல்லிருவமா?" முத்தையாகூட, "பாவம், விட்ருங்கம்மா. தெரியாமச் செஞ்சதுக" என்றார்.

மேளம் தொடங்கியாகிவிட்டது. ஒரு கயிற்றுக்கு விட்டால் நாலு கயிற்றுக்கும் விட வேண்டும். மாட்டேன் என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே பிடிக்கவில்லை. செல்வியின் சித்தப்பாவை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

மூன்றாவதாக ஒத்தப்பனை. என்ன சொல்ல! பாதியில் நாயனம் நின்றது, தவில் நின்றது, பம்பை மட்டும். இரண்டு குச்சியிலும் இரண்டு பேர் சண்டை போட்டுச் சமாதானமாகிற மாதிரி. ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி ஆடினார், நாற்காலி உடைந்தது, நின்று ஆடினார். கடைசியில் ஜெகதாப்பட்டினம். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தமுக்கு அடிப்பவர் அடித்துக்கொண்டே நாலு கயிற்றையும் சுற்றி வந்தார், பிள்ளைகள் வால் மாதிரிப் பின்னால்.

ஓட்டு. ஒத்தப்பனைக் கயிற்றில் ஒரே கூச்சல்.

"நம்ம சட்டி எங்கடி? மூணுதான் இருக்கு!"

"நமக்கு நாமளே போட முடியாதாம்டி!"

"அடி ஆத்தீ! இத மொதல்லயே சொல்ல வேணாமா?"

சொல்லியிருந்தோம். சுவரில். எல்லாரும் படித்தது மூன்றாவது விதியை மட்டும்.

முடிவு:

ஆலங்குடிக் கயிறு: ஜெக. 2, ஒத். 1. (மூன்று டோக்கன் வித்தியாசம்!)
கீரமங்கலம் கயிறு: ஒத். 2, ஜெக. 1.
ஜெகதாப்பட்டினம் கயிறு: கீர. 2, ஒத். 1.
ஒத்தப்பனைக் கயிறு: ஜெக. 2, ஆல. 1.

ஜெக. 5. ஒத். 4. கீர. 2. ஆல. 1.

ஒரு புள்ளியில் போயிற்று. ஆலங்குடியில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஆலங்குடிக் கயிற்றில் இருந்திருந்தால் விருது செல்விக்கு. அதோடு ஜெகதாப்பட்டினத்துக்கு இரண்டு புள்ளியைக் கையால் எடுத்துக் கொடுத்ததும் அவர்களே. கேட்டதற்கு ஒருத்தி சொன்னாள், "நல்லா வாசிச்சாக, போட்டோம். பொய்யாவா போட முடியும்?" அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

செல்வி அழுவாள் என்று நினைத்தேன். முடிவு எழுதிய பலகையில் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"டீச்சர், எங்க ஊரு ஆளு ஒருத்தர்கூடப் போடல! மூணு ஊர்லயும் பாயிண்டு வந்துருக்கு! நாலும் மேளத்துக்கு வந்தது டீச்சர்!"

அதற்குள் முத்தையா அவள் சித்தப்பாவிடம் போய்விட்டார். மூன்றாம் இடத்துக்காரர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"ஆடி மொத வெள்ளி எங்க அம்மன் கோயிலுக்கு ரெண்டு செட்டு. நாங்க ஒண்ணு. இன்னொண்ணு நீங்கதான்னு ஊருல சொல்றாக. வாரீகளா, திருப்பூருக்குப் போறீகளா?"

சித்தப்பா நாயனத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திருப்பூரு எங்கிட்டு ஓடிரப் போகுது? வாரோம்."

ஜெகதாப்பட்டினத்துக்காரர்களும் நம்பர் வாங்கிப் போனார்கள். விருது வாங்கிய கையோடு.

என் வீட்டுக்காரர் எந்தக் கயிற்றில் உட்கார்ந்தார் என்று கடைசி வரை சொல்லவில்லை. சட்டையில் நெத்திலி வாசம்.

ஆனி 17, செவ்வாய்

லேசான தூறல். வடகத்தை உள்ளே எடுத்து வைத்தேன்.

அன்வர் வந்தார். அடுத்த வருடத்துக்கும் இதே விதிதானா என்று கேட்டார். மூன்றாவது விதியை மாற்ற வேண்டாம் என்றேன். எங்கே உட்காருவது என்று அந்தப் பெண்கள் தாங்களே முடிவு செய்தார்களே, அதை எப்படி எடுப்பது? யார் ஏமாற்றுவார்கள் என்று யோசித்து யோசித்து எழுதினேன். டோக்கன், சட்டி, கயிறு. ஒருவரும் ஏமாற்றவில்லை. விதி தடுக்கியது பாசத்தில். அதற்கு நான் கணக்குப் போடவில்லை.

அடுத்து யார் எழுதினாலும் தாளின் கீழே இதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அன்வரிடம் எழுதிக் கொடுத்தேன்:

விதியைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் நாலு பேரிடம் படித்துக் காட்டி, "உங்கள் தங்கை ஜெயிக்க வேண்டுமானால் நீங்கள் எங்கே போய் உட்காருவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.