குழந்தைகள்: இல்லை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? பெரியவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாளா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எங்கள் வீடு ஒன்றரை அறை. எதைப் பேசினாலும் துரை காதில் விழும். எங்கே போவதானாலும் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதால் அவன் அப்பா வைத்த பட்டம் துரை, அதுவே நிலைத்துவிட்டது. ஒன்பது வயதாகிறது. பேச்சு வராது, நடக்க வராது என்பதால் காதும் கேட்காது என்று ஊரே முடிவு கட்டியிருக்கிறது. அவன் ஒரு சொல் விடாமல் கேட்டு வைத்துக்கொள்கிறான். அதனால்தான் இதை வேலை இடத்தில், பல் செட்டுக்கு ஊற்றிய மெழுகு ஆறுகிற நேரத்தில் எழுதுகிறேன்.

இன்று மூன்றாவது வங்கியும் கைவிரித்துவிட்டது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லையா என்று முதலில் ஓர் இளக்காரம். பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிச் சுமப்பது அவர், சம்பாதிப்பது நான் என்றேன். ஆம்பளை சும்மா இருக்கிறாராம் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார் அந்த அதிகாரி. அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்துக் கேட்டார் பார்:

"கடன் இருபது வருஷத்துக்கும்மா. பையன் எத்தனை வருஷம் இருப்பான்னு டாக்டர் சொல்றார்?"

செலவு எப்போது குறையும் என்று தெரிந்தால் கணக்குப் போடச் சுலபமாம். வெளியே வந்து வங்கி வாசலிலேயே காறித் துப்பினேன். காவலாளி முறைத்தான், முறைக்கட்டும்.

இவ்வளவு அலைவது ஒரு வீட்டுக்காக. தரைத்தளம், வாசலில் படி கிடையாது. குளியலறைக் கதவை இவர் டேப் வைத்து மூன்று தடவை அளந்துவிட்டார். சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். இப்போது இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. துரை இருபத்தாறு கிலோ. இவர் இடுப்பு இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம். விற்கிறவர் மார்ச் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஊருக்கெல்லாம் வங்கிக் கடன் வாங்கித் தருவதுதானே அத்தானுக்குத் தொழில். எனக்கும் ஒரு வழி சொல்லச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 9

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்து அழுதேவிட்டேன். சின்ன வயதிலிருந்தே உன்னிடம் இது ஒன்றுதான் தொல்லை. யார் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி ஒப்பித்துவிடுவாய். பிழைக்கத் தெரியாதவளே.

அத்தான் வேறு வங்கியின் படிவத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே சம்பளம் என்றாலும், சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர்தான் என்றால் கொடுத்துவிடுவார்களாம். அதனால் "குழந்தைகள்" என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டிருக்கிறார். பதறாதே. வெறும் காகிதம்தானே, அவனுக்காகத்தானே செய்கிறோம்.

வங்கியிலிருந்து நீங்கள் இப்போது இருக்கிற வீட்டைப் பார்க்க ஆள் வருவார். அன்றைக்குத் துரையை இங்கே கொண்டுவந்து விடு. நம் சமையல்கார அம்மா பார்த்துக்கொள்வார். பெரியம்மா வீட்டில் அவனும் ஒரு ராத்திரி தங்கினதாக இருக்கட்டும்.

அன்பு அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தார், பார்த்தார், போனார்.

அதற்குமுன் நாங்கள் செய்ததைக் கேள். சக்கர நாற்காலி மொட்டை மாடிக்குப் போனது. டயபர் மூட்டை பரணுக்கு. துரை பேசுவதற்கு வைத்திருக்கிற எழுத்துப் பலகை பீரோவுக்குப் பின்னால். சுவரில் ஒட்டியிருந்த அவன் போட்டோவை இவர் பிய்த்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அந்த இடத்தில் காலண்டரை மாட்டினோம். சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி தடயம் அழித்துக்கொண்டிருந்தோம், அக்கா. பினாயில் போட்டு மூன்று தடவை துடைத்தேன். பிள்ளை வாசனை போகவே இல்லை.

கட்டிலோரம் பதித்திருக்கும் கைப்பிடிக் கம்பி எதற்கு என்று கேட்டார். துணி காயப்போட என்றார் இவர். அந்த மனுஷன் தலையை ஆட்டிவிட்டு, "பிள்ளைகுட்டி இல்லாததும் ஒரு நிம்மதிதாம்மா. வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் கட்டியது. மட்டமான வேலை. அதையே பார்த்துக்கொண்டு நானும் ஆமாம் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. அவர் குடித்த டம்ளரைக் கழுவவும் மனசில்லாமல் குப்பையில் போட்டேன்.

உன் தங்கை


மார்ச் 2

என் கண்ணான தங்கைக்கு,

நல்ல சேதி. கடன் கிடைத்துவிட்டது, கேட்ட தொகை முழுவதும். ஒப்புதல் கடிதம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அத்தானுக்கு ஒரு வார்த்தை நன்றி எழுது, மனுஷன் எதிர்பார்க்கிறார்.

துரை பரம சமத்து. ஒரு சத்தம் இல்லை. அன்றைக்குப் பார்த்து, பெரியவள் கல்யாணம் பேச ஒரு குடும்பம் சொல்லாமல் வந்து நின்றது. நல்ல இடம். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. என் வீட்டிலும் உன் வீட்டிலும் ஒரே சமயத்தில் விளக்கெரியப்போகிறது என்று வைத்துக்கொள்ளேன்.

அன்பு அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் வீட்டிலிருந்து வந்ததிலிருந்தே துரை ஒரு மாதிரி இருந்தான், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை. நேற்று இவர் எழுத்துப் பலகையை எடுத்துவைத்து உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தாக இவர் விரல் வைத்துக்கொண்டே போவார், சரியான எழுத்து வந்ததும் அவன் கண்ணை மூடித் திறப்பான். நம் பாஷையில் எழுத்துக்கா பஞ்சம், ஒரு வரி முடிய அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரத்தில் அவன் சொன்னது இது:

"பெரியம்மா என்னை சமையல்காரம்மா பிள்ளைன்னு சொன்னாங்க."

இவர் கை அப்படியே நின்றுவிட்டது. துரை விடவில்லை, இன்னும் இருக்கிறது என்று பலகையையே பார்த்தான். இன்னொரு கால்மணி நேரம்.

"அந்தம்மா நல்லவங்க."

சீ, என்ன ஜென்மம் நீ. கல்யாணம் பேச வந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று, உன் கையில் பிறந்த பிள்ளையை, முதல்முதலாகக் குளிப்பாட்டிய பிள்ளையை, வேறொருத்தி பிள்ளை என்று அவன் முன்னாலேயே சொல்ல உனக்கு எப்படி நாக்குப் புரண்டது? காது கேட்காது என்று நீயும் நினைத்துவிட்டாயா? அன்றைக்கு அவனுக்கு நீ கொடுத்தனுப்பிய சட்டை இரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். தொடவே அருவருப்பாக இருக்கிறது.


மார்ச் 13

தங்கைக்கு,

சட்டைகள் வந்து சேர்ந்தன.

நன்றாக ஏசு, உனக்கு உரிமை உண்டு. எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை என்றால் மற்றப் பெண்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். உனக்குத் தெரியாததில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி நானும் தூங்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் வாயால் சொன்னேன், நீ மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாய். நான் அவனை இன்னொருத்தி பிள்ளை என்றேன். நீ அவன் பிறக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தாய். இதில் யார் யாரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வது?

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன், முடியவில்லை. நீ கேட்டது நியாயம்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு வங்கிக்குப் போனேன். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், அதைப் படிவத்தில் எழுதுங்கள் என்றேன். அதிகாரி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "விடுங்கம்மா, இதெல்லாம் யாரு தோண்டிப் பாக்கப்போறாங்க. பேசாம பணத்தை வாங்கிட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷன்தான், எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். எல்லோரும் உதவி செய்கிறேன் என்றுதான் அவனை அழிக்கிறார்கள். அடித்துவிட்டு எழுதுங்கள் என்று நின்றேன். எழுதினார். கணக்கை மறுபடி போட்டார்கள். கடன் தொகை பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது.

வீடு போய்விட்டது. எங்களால் ஆகாது என்று விற்கிறவரிடம் சொன்னதும், டயர் வியாபாரி ஒருவர் குடோனுக்கு வாங்கிவிட்டார். நேற்று அந்தப் பக்கம் போனோம். படியில்லாத வாசல் வழியாக டயர்களை உருட்டி உருட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாக உருண்டு போகிறது என்றார் இவர். வீடு வந்ததும் மூன்று மாடியும் துரையைத் தூக்கிக்கொண்டு ஏறினார், இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார்.

துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்னதை மட்டும் இல்லை, நான் எழுதிக் கொடுத்ததையும். இரண்டு நாள் அவன் என்னைப் பார்க்கவில்லை. பலகையை எடுத்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் அவனே கேட்டான்: "இப்ப எழுதியாச்சா?" ஆச்சு என்றேன். அப்புறம்தான் என் கையால் சாப்பிட்டான்.

என் பொய்யை நான் அடித்துத் திருத்திவிட்டேன், விலை கொடுத்துத்தான். உன்னுடையது அப்படியே இருக்கிறது.

கல்யாண நாள் குறித்தாகிவிட்டதாகக் கேள்வி. பெரியவள் நன்றாக இருக்கட்டும், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்தால் நாங்கள் மூன்று பேரும் வருவோம். வாசலில் எல்லோர் முன்னாலும், இவன் என் தங்கை மகன் என்று அந்தக் குடும்பத்திடம் நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவன் கேட்க வேண்டும்.

அது முடியாதென்றால் பத்திரிகை அனுப்பாதே. கூடப்பிறந்தவர்கள் யார் என்று அவர்கள் கேட்டால், யாரும் இல்லை என்று சொல்லிவிடு. உனக்குத்தான் நன்றாக வருமே.

துரையின் அம்மா