சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய்

அக்டோபர் 11

வானிலை நிலையத்தில் காலைக் கணக்கு மைனஸ் நான்கு. மேற்கே லேசான காற்று.

என் கணவன் ஜாமியன் அக்கரையிலிருந்து கடைசி வைக்கோலை ஏற்றி வந்தான். ஆற்றில் இந்தப் பருவத்துக்கு இவ்வளவு தண்ணீர் வரக்கூடாது. நடு ஆற்றில் பக்கத்து வீட்டு தாக்வாவின் ரஷ்ய வேன் மாட்டிக்கொண்டு நிற்க, இவன் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறான். கதவில் பாதி வரை தண்ணீராம். "பழுப்பன் நீந்துது துல்மா! குதிரை தோத்துது போ!" என்று வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து என்னிடம் அதே பேச்சு.

பழுப்பன் எங்கள் வண்டி. ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, கப்பலில் ஏறி, பல கை மாறி வந்தது. என் மகள் வயது இருக்கும். ஜாமியன் ஆயுசு முழுக்க கிளட்ச் மிதித்து ரஷ்ய ஜீப் ஓட்டியவன். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி அவன் கைக்கு வந்தது போன வருடம்தான். "இதுல ஒண்ணும் பாக்க வேணாம், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்பான். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஜீவன் எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

சொலோங்கோ இன்றும் வாந்தி எடுத்தாள். நாலு மாதம். மருமகன் தெற்கே சுரங்கத்தில். பிள்ளை பிறக்கும்வரை மகள் எங்களோடுதான்.

நவம்பர் 2

வண்டி யோசிக்கிறது. கியரை முன்னால் தள்ளினால் உடனே கிளம்புவதில்லை. ஒரு மூச்சு நிற்கிறது. பிறகு முதுகில் குத்தியதுபோல் டங்கென்று கிளம்புகிறது. போன மாதம் இப்படி இல்லை.

"குளிரு. காலையில எழுந்ததும் உனக்கு மட்டும் ஓடணும்னு இருக்கா?" என்றான் ஜாமியன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் மந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பயணம் கிளம்புகிறவனிடம் கெட்டதைப் பேசக்கூடாது. எப்போது போய்ச் சேர்வாய் என்றுகூடக் கேட்கக்கூடாது. பேசினால் அது முந்திக்கொண்டு போய் வழியில் உட்கார்ந்திருக்கும். என் அம்மா அப்படித்தான் வளர்த்தாள், எல்லா அம்மாக்களும் அப்படித்தான்.

வானத்திலிருந்து வரப்போகும் கெட்டதை முன்கூட்டிச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் மட்டும் ஊமை.

நவம்பர் 19

கிணற்று மேட்டில் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 6

மைனஸ் இருபத்தெட்டு.

அவன் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் போன நேரத்தில், வண்டி சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கி, கியர் பெட்டியின் அளவுக் கம்பியை உருவினேன். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருந்தது. எழுத்து ஜப்பானியம், ஆனால் படத்தில் எண்ணெய் சிவப்பு. கம்பியை வெள்ளைத் துணியில் துடைத்தேன்.

பால் தேநீர். காலையில் நான் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேனே, அதே நிறம். கொஞ்சம் ரோஸ் கலந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். நுரைகூட இருந்தது.

மாகாண நகரத்தில் மெக்கானிக் ஒச்சிர் இருக்கிறான், என் வகுப்புத்தோழியின் தம்பி. போன் செய்தேன். யார் வண்டி என்று கேட்டான். தெரிந்தவர்கள் வண்டி என்றேன்.

"ஆறு தாண்டினாங்களா அக்கா?"

"தாண்டினாங்க."

"பாரம் இழுத்துட்டுத் தாண்டினாங்களா?"

நான் துணியில் இருந்த கறையைப் பார்த்தேன்.

"அந்தப் பெட்டிக்கு மூச்சு விடற குழாய் ஒண்ணு இருக்கு. இழுத்து இழுத்து நல்லா சூடாகி, சட்டுனு பனித்தண்ணியில இறங்குச்சுன்னா, உள்ள இழுக்கும். உங்க தெரிஞ்சவங்க வண்டி ஆத்தையே குடிச்சிருக்கு. உள்ள இருக்கற தட்டுல காகிதம் மாதிரி ஒண்ண ஒட்டியிருப்பாங்க. தண்ணியில ஊறின புத்தக அட்டை என்ன ஆகும்? அதான் ஆகும். ஓட்டவே கூடாதுன்னு சொல்லுங்க. எண்ணெயை மாத்தச் சொல்லுங்க, ஒரு தடவை பத்தாது. வடிச்சா பாதிதான் வரும், மீதி உள்ளயே நிக்கும்."

சொல்லுங்க, சொல்லுங்க என்கிறான். யாரிடம் சொல்ல? எப்படிச் சொல்ல? ஜாமியன் தினம் அதில்தான் கிளம்புகிறான். மார்ச்சில் பிரசவத்துக்குச் சொலோங்கோவைக் கணவாய் தாண்டிக் கொண்டுபோகப் போவதும் அதில்தான்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

டிசம்பர் 14

தபால் பஸ்ஸில் எண்ணெய் வந்தது. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவன் ஊரில் இல்லாத நாளில் தாக்வாவைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம். அவன் ஊரில் இல்லாத நாளில் வண்டியும் ஊரில் இருக்காது என்பது இப்போதுதான் உறைக்கிறது. முட்டாள்.

ஜனவரி 3

சேணம் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். பழைய கம்பளத்துக்கு அடியில் கால் இடறியது. டின்கள். அதே சிவப்பு எண்ணெய், என்னுடையதைவிட ஒரு டின் அதிகம்.

ஜாமியன் பின்னாலேயே வந்து நின்றான். திருடன் மாதிரி முழித்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"நவம்பர்லேர்ந்து. கம்பியை எடுத்துப் பாத்தேன்."

"ஏன்யா சொல்லல?"

"வயித்துப் பிள்ளைக்காரி வீட்ல இருக்கா. போற வண்டியைப் பத்திக் கெட்டது பேசச் சொல்றியா? நீ ஏன் சொல்லல?"

நான் அவனை இழுத்துக்கொண்டு போய் மாவு மூட்டைகளைத் தள்ளிக் காட்டினேன். டின்களை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுகை வந்துவிட்டது. ரெண்டு மாசம்! ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம பயந்துக்கிட்டு, அந்த ரெண்டு மாசமும் வண்டி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. யாரைத் திட்டறது இப்ப?

ஜனவரி 5

கொட்டகையில் அடுப்பு மூட்டி, பெட்டியைச் சூடாக்கி, வடித்தோம். ஊற்றினோம். ஓடவிட்டு மறுபடி வடித்தோம். மூன்றாவது முறைதான் சிவப்பு சிவப்பாக வந்தது. மூச்சுக்குழாயை நீட்டி, கண்ணாடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினான் ஜாமியன்.

ஆனால் அடித்தட்டைக் கழற்றியபோது அதில் கறுப்பாக ஊறிய காகிதத் துணுக்குகள் கிடந்தன. விரலில் எடுத்தேன், குழைந்தது. ஒச்சிரிடம் இந்த முறை உண்மையைச் சொன்னேன். தெரியும் அக்கா என்றான். "உரிஞ்சது உரிஞ்சதுதான். இனிமே அது ஆயிரம் மைல் போகலாம், ஒரே ஒரு கணவாய் போகலாம். மெதுவா, பாரமில்லாம, மேட்டுல சின்ன கியர்ல போங்க. கருகின வாடை வந்தா நிறுத்தி ஆறவிடுங்க."

ஜாமியன் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தான். முன்னால் போகும் கியர் வழுக்குகிறது. "ரிவர்ஸ் மட்டும் கல்லு மாதிரி பிடிக்குது பாரு" என்றான். அதற்கு வேறு ஒரு தட்டாம்.

பிப்ரவரி 10

குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை. உட்கார்ந்திருக்கிறதாம், பின்பக்கம் கீழே. ஊர் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். "இங்க என்னால முடியாது. வலி வர்றதுக்கு முன்னாடி அவ நகரத்து ஆஸ்பத்திரியில இருக்கணும். புத்தாண்டு முடிஞ்சதும் கிளப்புங்க."

பிப்ரவரி 20

வெள்ளை மாதப் புத்தாண்டு. வீடு வீடாகப் போய் பூஸ் என்னும் கறிக் கொழுக்கட்டை தின்று, பெரியவர்களுக்கு மரியாதையாக நீல சால்வை நீட்டி, நல்லதை மட்டும் பேசினோம். எல்லோரும் நலம், மாடு நலம், குளிர்காலம் நலம். எனக்கு வாய் வலித்தது.

பிப்ரவரி 23

மைனஸ் முப்பத்தொன்று. காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. இன்று இரவுக்குள் பெரிய பனிப்புயல். அது வந்தால் கணவாய் ஒரு வாரம் மூடும், இரண்டு வாரமும் மூடும். நானே எழுதி, நானே தலைநகருக்கு அனுப்பிய கணக்கு.

காலையில் சொலோங்கோவுக்கு லேசான வலி. ஆஸ்பத்திரி வண்டி எங்கோ மந்தைக்காரர் கூடாரத்தில். தாக்வாவின் வேன் விருந்துக்குப் போய்விட்டது. நிற்பது பழுப்பன் ஒன்றுதான்.

இன்று நான் சொன்னேன். மகளை உட்காரவைத்து, அவன் முன்னாலேயே, பளிச்சென்று சொன்னேன். "இந்த வண்டி கணவாயில நின்னுபோகலாம். கியர் பெட்டி கெட்டுக் கிடக்கு. போகாம இருந்தா அதைவிட ஆபத்து. அதனால போறோம். நின்னா என்ன பண்றதுன்னு இப்பவே பேசிடலாம்."

ஜாமியன் சட்டென்று எழுந்தான். "வாயை மூடு துல்மா!"

"மூடித்தான ரெண்டு மாசம் போச்சு."

சொலோங்கோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப கம்பளி எல்லாத்தையும் எடுத்துக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னைவிடத் தைரியசாலி.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. கறி மூட்டை, புத்தாண்டுப் பரிசுகள், உதிரிச் சக்கரம்கூட, எல்லாவற்றையும் இறக்கினோம். கம்பளம், மண்வெட்டி, சின்ன அடுப்பு, மிச்ச எண்ணெய் மட்டும் ஏற்றினோம். கணவாய்க்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தேஜிக்குப் போன் செய்தேன். "நாலு மணிக்குள்ள நாங்க வந்து சேரணும். வரலைன்னா ஆள் அனுப்பு."

"ஐயோ, வாயக் கழுவு! நேரம் சொல்லி யாராவது கிளம்புவாங்களா?"

"நான் கிளம்பறேன்."

கிளம்பும்போது, வழி நல்லபடி அமைய, சக்கரத்தில் பால் தெளித்தேன். பாதி என் பூட்ஸில் விழுந்தது.

பிப்ரவரி 25

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடிவாரம்வரை ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் பாதிக்கு மேல் வந்ததும் அந்த வாடை. கருகிய முடி மாதிரி. ஜாமியன் நிறுத்தினான். ஆறவிட்டோம். சொலோங்கோ பின் இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுபடி கியர் போட்டான். எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை. சின்ன கியர். அசையவில்லை. மேற்கே வானம் சாம்பலாகிக்கொண்டு வந்தது, எனக்கு அது என்ன என்று தெரியும். இந்த இடத்தில் என் பிள்ளை செத்துப்போவாள் என்று நினைத்தேன். அப்படியே எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஜாமியன் ரிவர்ஸ் போட்டான். வண்டி கல் மாதிரி பிடித்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சரிவில் கொஞ்சம் நழுவவிட்டு, ஒடித்து, மூக்கை நாங்கள் வந்த பக்கம் திருப்பினான். பிறகு பின்பக்கமாகவே மலை ஏறத் தொடங்கினோம். நான் இறங்கி வண்டிக்கு வழி காட்டிக்கொண்டு சிவப்புச் சால்வையோடு நடந்தேன். அவன் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டே ஓட்டினான். அவன் மீசை முழுக்கப் பனி. இடது பக்கம் பள்ளம். நான் கையை ஆட்டினால் அவன் ஒடிக்க வேண்டும். தப்பாக ஆட்டினால் முடிந்தது.

உள்ளேயிருந்து சொலோங்கோவின் குரல். "அம்மா! இதுவும் என் பிள்ளை மாதிரியே பின்பக்கத்தை முன்னாடி விட்டுட்டுத்தான் போகுது!"

அந்த நேரத்தில் சிரிக்க முடியும் என்று யாராவது சொன்னால் அடித்திருப்பேன். சிரித்தேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

உச்சியில் மலைத் தெய்வத்தின் கற்குவியலை வழக்கம்போல மூன்று முறை சுற்றி வர நேரமில்லை. அதற்குப் பதிலாக ஜாமியன் மூன்று முறை ஹாரன் அடித்தான். அங்கிருந்த சமதளத்தில் வண்டியைத் திருப்பி, கியரை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே பிரேக்கில் இறங்கினோம். பிரேக் சூடாகும்போதெல்லாம் நின்றோம். பனி விழ ஆரம்பித்தது. வலி நெருங்கி நெருங்கி வந்தது.

மூன்றாவது வளைவில் எதிரே விளக்குகள். நிலக்கரி லாரி. டிரைவர் ஜன்னலைத் திறந்து கத்தினான்: "தேஜி அக்கா அனுப்புச்சு! நாலு மணி ஆயிடுச்சாமே!"

பழுப்பனை அங்கேயே விட்டுவிட்டு லாரியில் ஏறி ஆஸ்பத்திரி வந்தோம். அறுவை செய்து எடுத்தார்கள். பெண். அழுத சத்தம் தாழ்வாரம்வரை கேட்டது.

மார்ச் 4

கணவாய் இன்னும் திறக்கவில்லை. பழுப்பன் பனிக்கு அடியில் எங்கோ நிற்கிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஜூலை 9

காலைக் கணக்கு பதினாறு. நேற்று மேல்மலையில் நல்ல மழை.

நாதம் திருவிழாவின் குதிரைப் பந்தயத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். பழுப்பனுக்கு ஒச்சிர் வேறு பெட்டி வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஜாமியன் எஞ்சினை ஓடவிட்டு, கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, வழக்கம்போல என் மூக்குக்கு நேரே காட்டினான். சிவப்பு.

பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றான். "ம், சொல்லு."

"என்ன சொல்ல?"

"கெட்டது. இருந்தா இப்பவே சொல்லிடு."

"ஆத்துல தண்ணி ஏறியிருக்கும். இறங்க வேணாம். பாலத்து வழியாப் போ."

"சுத்து வழியாச்சே."

"ஆமா."

வண்டியைப் பாலத்துப் பக்கம் திருப்பினான். நான் பால் தெளித்துவிட்டு ஏறினேன். பின்னாலிருந்து சொலோங்கோ, பிள்ளைக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, எப்ப போய்ச் சேருவோம்?"

ஜாமியன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"மூணு மணிக்கு" என்றான்.