சிவப்புப் பென்சில் குறிப்பு

மதிப்புக்குரிய அமைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் முகாமிட்டிருக்கும் கிளை அலுவலகத்தில் எல்லா உறைகளையும் பிரித்துவிடும் செயலாளர், இந்த முதல் வரியைப் பார்த்ததும் கட்சிக் கடிதம் என்று மடித்து உங்கள் மேசையில் வைத்துவிடுவார் என நம்புகிறேன். அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து இத்துடன் நிறுத்திக்கொள்ளட்டும். இனி வருவது வீட்டுச் சமாசாரம்.

உங்கள் செல்போனுக்கு நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் டிரைவர் அண்ணன்தான் எடுத்தார். "ஐயா கூட்டத்துல இருக்காரும்மா, முடிஞ்சதும் சொல்றேன்" என்றார். ஐந்தாவது முறை நான் வாயைத் திறப்பதற்குள், "இன்னும் முடியலம்மா" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா நலம். மூன்று நாளாக மழை. நம் பஸ் ஷெட்டின் தகரம் இரண்டு இடத்தில் பிய்ந்துவிட்டதால், உறுப்பினர் படிவக் கட்டுகளையெல்லாம் அம்மாவும் நானும் சுமந்துபோய்க் கடைசி பஸ்ஸுக்குள் அடுக்கினோம். மூச்சு வாங்க நின்ற அம்மா, "பத்து பஸ்ஸை முழுங்கின கட்சி, மிச்சமிருந்த ஒண்ணுலயும் ஏறி உக்காந்துடுச்சு பாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த பஸ்ஸைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி நாளிலிருந்து நான் அதன் பின்சீட்டில்தான் புத்தகம் படிக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்றிரண்டாகப் பத்து பஸ்ஸை விற்ற நீங்கள், இதை மட்டும் எனக்காக வைத்திருக்கிறீர்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். போன மாதம் மெக்கானிக் மாமாவிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இஞ்சின் போன வண்டிம்மா, யாரும் கேக்கல" என்றார்.

கட்சிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் என்னைவிட நான்கு நாள் மூத்தவள். (கட்சியை 'அவள்' என்று சொல்வது எனக்குப் பழகிவிட்டது.) டிக்கெட் கொடுக்கும் அறையில் பதினேழு பேர் கூடியதும், கொடிக்குத் துணி இல்லாமல் பஸ் ஜன்னலின் பச்சைத் திரைகளைக் கழற்றித் தைத்ததும், அதனாலேயே பச்சை கட்சியின் நிறமானதும் எனக்கு மனப்பாடம். நான் பிறந்த கதையை யாரிடமும் இவ்வளவு விவரமாகக் கேட்டதில்லை. அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பா மூணாம் நாள் வந்தார், கையெல்லாம் பசை" என்பதோடு முடித்துக்கொள்வாள். சுவரொட்டிப் பசை. என் பிறந்தநாள் ஒவ்வொன்றும் மூத்தவளுடைய ஆண்டு விழாவில் மிச்சமான தோரணத்துக்குக் கீழேதான் நடந்திருக்கிறது.

மூத்தவளோடு எப்படியோ சமாதானமாகிவிட்டேன். அடுத்து வந்தவளோடுதான் முடியவில்லை.

பன்னிரண்டு வயதில் பள்ளி மேடையில் நான் பேசியது நினைவிருக்கிறதா? நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். மூன்றாவது வரியில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. ஜீப்பில் திரும்பும்போது, "விடும்மா. நீ எழுது. பேசறதுக்கு ஆள் பாத்துக்கலாம்" என்றீர்கள். அதை ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் உண்மையிலேயே ஆள் பார்ப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

தையல் ஆலை வேலைநிறுத்தத்தில், மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கப் பேசிய பெண்ணைக் கண்டுபிடித்து வந்தீர்கள். அவளை ஊரே வெண்கலம் என்று கூப்பிடுகிறது. அந்தக் குரலுக்கு அது பொருத்தம்தான். கல்லூரியில் சேர்த்தீர்கள், மேடையில் நிற்கப் பழக்கினீர்கள். அவளுக்குத் தொண்டை கட்டினால் வண்டியை நிறுத்தி வெந்நீர் வாங்குவீர்களாம். டிரைவர் அண்ணன் சொன்னார். போன வருடம் என்னிடம், நான் எதில் பட்டம் வாங்கினேன் என்று கேட்டீர்கள்.

ஆறு வருடமாக அவள் பேசுவதை நான் எழுதுகிறேன். வரிகளுக்கு நடுவே அகலமாக இடம் விட்டுத் தட்டச்சு செய்து, அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறிப்பு வைப்பேன். நிறுத்து. தண்ணீர். கைதட்டல் அடங்கட்டும். இடப்பக்கம் திரும்பு. கறுப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சிவப்பைச் செய்ய மட்டும் வேண்டும். இது நம் மூவருக்கும் டிரைவர் அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்த ஏற்பாடு. எழுதுவது நான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. "ஐயா எழுத்து" என்றுதான் சொல்கிறாளாம்.

மாநாட்டன்று நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றும் மழை. தாள் நனைந்துவிடும் என்று டிரைவர் அண்ணன் வழியில் ஒரு நகல் எடுத்து, அதை அவளிடம் கொடுத்துவிட்டார். நகலில் சிவப்பும் கறுப்பாகத்தான் வந்திருக்கும். ஏழாம் பக்கத்தில், கட்சி தொடங்கிய நாளைச் சொல்லி முடிக்கும் இடத்தில் அவள் உங்கள் பக்கம் திரும்ப வேண்டும். 'அமைப்பாளர்' என்று நான் குறித்திருக்க வேண்டும். கை பழக்கத்தில் 'அப்பா' என்று எழுதிவிட்டது. நிறுத்து, தண்ணீர் எல்லாம் குறிப்பு என்று நகலிலும் தெரியும்; இது பேச்சில் சேர்த்த சொல் போலவே இருந்திருக்கும்.

அவள் அதை வாசித்தாள்.

நான் கூட்டத்தின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் குரலில், ஒலிபெருக்கி வழியாக, அந்தச் சொல் மைதானம் முழுக்கப் போயிற்று. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். என் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாள், "பெத்த பொண்ணுகூட இப்படிக் கூப்பிடாது" என்று என் தோளைத் தட்டிச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும், "நல்ல யுக்திம்மா!" என்று பாராட்டினீர்கள். ஆறு வருடத்தில் நீங்கள் பாராட்டிய ஒரே வரி. அது தவறு என்று அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாராட்டு வேண்டியிருந்தது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆண்டு விழாவில் அமைப்பாளர் பொறுப்பை அவளிடம் ஒப்படைக்கப் போவதாகவும், அவளுடைய ஏற்புரையை எழுதி அனுப்பும்படியும் கேட்டிருக்கிறீர்கள். "போன தடவை மாதிரி அப்பா ரெண்டு இடத்துல வை, ஜனங்க எதிர்பாக்குறாங்க" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பேச்சு இத்துடன் இருக்கிறது. பதினோரு பக்கம். இதுவரை எழுதியதிலேயே இதுதான் நல்லது. அவள் மேல் உள்ள எரிச்சலில் ஒரு வரியையும் மட்டமாக எழுதவில்லை. எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. பொறுப்புக்கு அவள் தகுதியானவள் என்பதும் எனக்குத் தெரியும், அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் நீங்கள் கேட்ட அந்த இரண்டு இடத்திலும் 'ஐயா' என்றுதான் இருக்கிறது. ஜனங்கள் எதிர்பார்த்தால் எதிர்பார்க்கட்டும்.

நடந்தது என் கைத்தவறு என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்களே உங்கள் கையால் அந்தச் சொல்லை அவளுக்கு எழுதிக் கொடுத்தீர்கள் என்று நம்பி, அந்த ஏழாம் பக்கத்தை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறாளாம். அவளுக்கும் அப்பா இல்லை. வண்டியில் போகும்போது அவளாக அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள். அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. கைதட்டலுக்காக அதை என் கையால் எழுதித் தரச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். கட்சி, பொறுப்பு, ஜீப், வெந்நீர் எல்லாம் அவளுக்கே இருக்கட்டும்.

முட்டிவலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். விழா முடிந்த நான்காம் நாள் வீட்டில் இருக்க முடியுமா என்று பாருங்கள். தோரணத்தை நானே கழற்றிவிடுகிறேன். எனக்கு அவளைப் போல் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் கிடையாது. மெல்லக் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் நீங்கள் ஒரு நாள் இருந்தால் போதும், அப்பா.

நலமாகத் திரும்பி வாருங்கள்.

உங்கள் இளைய மகள்